பறந்தது எவ்வளவு

ஓனரம்மா இருந்தார். சொந்தமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்து வந்திருந்தார்.

பக்கத்து வீட்டு மேஸ்திரி இருந்தார். நூற்பாலையில் பஞ்சு கலக்கும் பிரிவில் முப்பது வருடம் நின்றவர். துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தார்.

மேஸ்திரியின் மனைவி இருந்தார். கையில் முறம். முறத்தில் காய வைத்த அரிசி வடகம்.

என் வீட்டுக்காரர் இருந்தார். வாசல்படியில் உட்கார்ந்து செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இருந்தேன்.

பின்னறையில் தார்ப்பாய்க்கு அடியில் மெஷின் இருந்தது. பேச்சு அதைப் பற்றித்தான்.

மேஸ்திரியின் மனைவி முறத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாரு அம்மணி. வடகம் வெள்ளையா இருக்கோணும். இது என்ன நெறம்?"

பார்த்தேன். வடகத்தின் மேல் மரப்பொடி. மாவு சலித்த மாதிரி ஒரே சீராகப் படிந்திருந்தது. இல்லை என்று சொல்ல முடியாது.

"என்ற மெஷின் தூசிதானுங்க" என்றேன்.

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு எடுத்து வைத்த மூச்சு பாதியில் நின்றது.

ஓனரம்மா பேச்சை எடுத்துக்கொண்டார். "ஏங் கண்ணு, அஞ்சு ஊடு சேந்த லைன் ஊடு இது. ஒர்க்‌ஷாப்பா? கணபதி ஏரியா பூரா பட்டறை கெடக்குது. அங்க ஒண்ணுல கொண்டு போய் வெச்சுக்க வேண்டியதுதானே?"

"அங்க வேலை பாக்கறனுங்க. இது அதில்லீங்க."

"பொறவு இது என்ன? சைடு வருமானமா?"

"இல்லீங்க."

"யாருக்காச்சும் செஞ்சு குடுக்கறயா?"

"இல்லீங்க."

"பொறவு எதுக்கு?"

"புடிச்சிருக்குதுங்க."

வீட்டுக்காரர் செருப்பு வாரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். எங்கள் பக்கம் ஒரு பொருள் வீட்டுக்குள் வந்தால் அது சோறு போட வேண்டும், இல்லை சாமி கும்பிட உதவ வேண்டும். மூன்றாவது காரணம் கிடையாது. நான் மூன்றாவதைச் சொல்லிவிட்டேன்.

"தையல் மெஷின் வெச்சிருந்தா ஒரு நாயம் இருக்குது" என்றார் ஓனரம்மா.

"எனக்குத் தைக்கப் புடிக்காதுங்க."

மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றடிக்கு இரண்டடி. அலுமினியச் சட்டம். மூன்று மோட்டார். ஒன்று இடம் வலம், ஒன்று முன் பின், ஒன்று மேல் கீழ். நடுவில் கட்டரைப் பிடித்துச் சுற்றும் ஸ்பிண்டில். பாகம் பாகமாக வாங்கிப் பின்னறையில் நானே பூட்டினேன். பதினொரு மாதம் ஆனது. பம்ப்செட் உதிரி கடையும் ஒர்க்‌ஷாப்பில் பத்தொன்பது வருடமாக சி.என்.சி. லேத் ஓட்டுகிறேன். அங்கே ஒரு ஷிப்டுக்கு நானூறு புஷ் வளையம். நானூறும் ஒரே மாதிரி. டிராயிங் வேறு யாரோ போட்டது. மெஷின் வேறு யாருடையதோ. நான் எட்டாவது வரை படித்தேன். மெஷினுக்கு எழுதும் கோடு, அதாவது கட்டளை வரி, படிக்க எட்டாவது போதும்.

பின்னறையில் நான் வெட்டியது மலை. வால்பாறைப் பக்கம் எஸ்டேட் லைனில் பிறந்தவள் நான். ஏக்கம் ஒன்றும் இல்லை. அந்த மலையில் எனக்குக் கிடைத்தது அட்டைக் கடியும் மழையும்தான். ஆனால் பதினைந்து வருடம் அதன் மேல் நடந்தும் அது எப்படி மடிந்து மடிந்து இறங்குகிறது என்று பார்த்ததில்லை. கொழுந்துச் செடிக்கு மேல் தலை எழும்பினால்தானே பார்க்க. மலையின் உயரக் கணக்கு போனில் சும்மா கிடைத்தது. அதை மெஷினுக்கான கோடாக மாற்றினேன். பாலக்காட்டிலிருந்து வரும் ரப்பர் மரப் பலகை இரண்டை ஒன்றன் மேல் ஒன்று ஒட்டி அதில் வெட்டினேன். முதல் மலை கோணல். இரண்டாவது தேவலை. மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் இந்தக் கூட்டம்.

மேஸ்திரி துண்டைக் கீழே இறக்கினார்.

"அம்மணி, நீ என்ன வெட்டறயோ வெட்டிக்க. என்ற நெஞ்சு கேக்கறதில்ல." இருமல் வந்தது. கையைத் தூக்கி எங்களை நிறுத்தினார். இருமி முடித்து விட்ட இடத்திலிருந்தே பேசினார். "நைட்டு ஷிப்டுல பஞ்சு தின்ன நெஞ்சு. இனி மரத்தையும் திங்கச் சொல்றயா?"

மெஷின் என்னுடையது. நெஞ்சு அவருடையது. நான் தூசிக்கு ஏற்பாடு செய்யாமல் இல்லை. வீட்டுத் தூசி உறிஞ்சியின் வாயைக் கட்டருக்குப் பக்கத்தில் கட்டி, காற்று வெளியேறும் பக்கம் தலையணை உறை மாட்டியிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே அந்த உறை உப்பிக்கொண்டு நிற்கும். ஜன்னலுக்கு நேரே மேஸ்திரி வீட்டு வடகம்.

"இந்த மாசத்தோட எடுத்துப்போடு" என்றார் ஓனரம்மா.

"எடுத்தா வெக்கறக்கு வேற எடமில்லீங்க."

"வித்துப்போடு."

"விக்க மாட்டனுங்க."

வீட்டுக்காரர் முதல் முறையாக வாயைத் திறந்தார். "இந்தா, பெரியவீங்க சொல்றாங்கல்ல."

"நீங்க சித்தெ சும்மா இருங்க."

மேஸ்திரி சிரித்தார். சிரிப்பும் இருமலில் முடிந்தது. பிறகு அவர் சொன்னதுதான் எல்லாவற்றையும் வேறு பக்கம் திருப்பியது.

"மில்லுல பஞ்சுப் பேலு உள்ள போறப்ப நிறுப்போம். நூலு வெளிய வாரப்ப நிறுப்போம். கீழ உழுந்த கழிவையும் நிறுப்போம். நூலையும் கழிவையும் கூட்டினா பேலு எடைக்கு வராது. கொறையும். அந்தக் கொறைக்கு இன்விசிபிள் லாஸுன்னு பேரு, கண்ணுக்குத் தெரியாத நட்டம். மேனேஜரு அத எங்க போச்சு எங்க போச்சுன்னு தேடுவாரு." நெஞ்சைத் தட்டினார். "இங்கதான் இருந்துச்சு."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உன்ற பலகைய நிறு. வெட்டு. பொறவு பலகையையும் பொடியையும் நிறு. தரைல உழுந்தத கூட்டி அள்ளிச் சேத்துக்க, அது உன்ற கழிவு. பறந்தது மட்டும் என்ற பங்கு. அம்பது கிராமுக்குள்ள இருந்தா நாம் பேச மாட்டேன். மேல போச்சுன்னா மெஷின எடுத்துப்போடோணும். சரியா?"

"சரிங்க" என்றேன்.

ஓனரம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "மரத்தூள நிறுக்கறதாம்" என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து வரும் ஞாயிறு என்று முடிவானது.

அந்த இரண்டு வாரமும் தூசிக்கு வீடு கட்டினேன். உக்கடத்தில் பழைய சாமான் கடையில் ஒரு புளோயர் கிடைத்தது. தகரத்தைச் சுருட்டிப் புனல் மாதிரி ஒரு கூம்பு செய்தேன். அதன் கீழே நீல டிரம். காற்று கூம்புக்குள் பக்கவாட்டில் நுழைந்து சுற்றும். கனமானது கீழே டிரம்மில் விழும். லேசான காற்று மட்டும் நடுக்குழாய் வழியாக மேலே போகும். அங்கே தடித்த காடாத் துணியில் இரட்டைப் பை. கட்டரைச் சுற்றித் தூசி பறக்காமல் மறைக்க ஒரு தட்டு. தட்டின் விளிம்பில் புது வாசல் பிரஷ்ஷின் முடிகளை வரிசையாக ஒட்டினேன். அது பலகையைத் தொட்டுக்கொண்டே நகரும்.

வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்ன, மெஷினுக்குப் பாவாடை கட்டியாச்சாட்ட இருக்குது" என்றார்.

"ஆமாங்க. அடக்கமா இருக்கட்டும்னு."

தூசி போகும் குழாயைத் தொட்டார். சுளீரென்று அடித்தது. துள்ளிக் குதித்து வெளியே ஓடினார். "அடக்கமா? என்னய அடிக்குது புள்ள!"

பிளாஸ்டிக் குழாயில் பொடி உரசி உரசிக் கரண்டு ஏறியிருந்தது. செம்புக் கம்பியைக் குழாய் நீளத்துக்கும் சுற்றி எர்த்தில் இறக்கினேன். அதன் பிறகு அடிக்கவில்லை. அவர்தான் ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம் வரவில்லை.

முதல் சோதனை அன்று மப்பு. மழை வரும் போல ஈரக் காற்று. மேஸ்திரி கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் மருமகனிடமிருந்து நூல் கோன் நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசை மொபெட்டில் வைத்து எடுத்து வந்தார். ஐந்து ஐந்து கிராமாகக் காட்டும். வந்ததும் அதைத் தரையில் வைத்து, அடியில் நாலாக மடித்த அட்டையைச் செருகி, மட்டம் பார்த்தார். ஒரு மேலதிகாரி மாதிரி இருந்தது. அவருக்கே அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

பலகை ஏழு கிலோ நூற்றி இருபது. காலி டிரம்மையும் காலிப் பையையும் தனியாக நிறுத்து எழுதிக்கொண்டார்.

ஓட்டினேன். மெதுவாக ஓட்டினேன். சத்தம் வரக்கூடாது, யாருக்கும் தொந்தரவு கூடாது என்று ஃபீடை இன்னும் குறைத்தேன். ஃபீடு என்றால் கட்டர் பலகைக்குள் நகரும் வேகம். லேத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான். சந்தேகமாக இருந்தால் மெதுவாகப் போ. கட்டரும் ஒர்க்‌ஷாப்பில் கழித்துப் போட்டதுதான். இரும்புக்கு ஆகாது என்று ஒதுக்கிய நாலு பல் கட்டர்கள் ஒரு டப்பா நிறைய என்னிடம் இருந்தன. எங்கள் ஊரில் இரும்பு அறுக்கிறவர்கள் எல்லாருக்கும் மரம் என்றால் ஒரு இளக்காரம். இரும்பையே வெட்டியது மரத்தை வெட்டாதா என்று. நானும் அந்த ஊர்க்காரிதான்.

காலையில் ஆரம்பித்தது சாயங்காலம் நாலரைக்கு முடிந்தது. பாதியில் கருகல் வாடை வந்தது. மேஸ்திரி மூக்கைச் சுளித்தார்.

தரையைக் கூட்டினேன். மெஷினைத் தட்டித் துடைத்தேன். எல்லாவற்றையும் டிரம்மில் சேர்த்தேன்.

பலகை நாலு கிலோ முந்நூற்று அறுபத்தைந்து. டிரம்மிலும் பையிலும் சேர்த்துப் பொடி இரண்டு கிலோ நானூற்றுப் பதினைந்து.

மேஸ்திரி விரல் விட்டுக் கூட்டினார். கழித்தார். மறுபடியும் கழித்தார்.

"முந்நூத்து நாப்பது" என்றார். "காக்கிலோவுக்கும் எச்சா பறந்துபோச்சு அம்மணி."

ஓனரம்மா சரியாக அந்த நேரத்துக்கு வந்துவிட்டார். நாற்காலி கொண்டு வரவில்லை. உட்கார வேண்டிய வேலை இருக்காது என்று தெரிந்திருக்கும்.

"முடிஞ்சுதல்ல? சோலி தீந்துச்சு."

"இன்னொரு ஞாயித்துக்கெழமை குடுங்க" என்றேன்.

"எதுக்கு? காக்கிலோவ அரைக்கிலோ ஆக்கறக்கா?"

"இன்னொருக்கா நிறுத்துப் பாக்கலாமுங்க. அதுலயும் தோத்தா நானே கழட்டிப்போடறேன்."

"கழட்டற ஸ்பேனர நான் வாங்கித் தரட்டுமா கண்ணு?"

"ஸ்பேனர் என்கிட்ட இருக்குதுங்க."

மேஸ்திரி தராசைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "ஒருக்காதான்" என்றார். "தராசு மறுபடி கொண்டாறக்கு மொபெட்டுக்கு நீதான் பெட்ரோல் ஊத்தோணும்."

அவர்கள் போன பிறகு டிரம்மைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தது மாவு. கேழ்வரகு மாவு மாதிரி, கையில் எடுத்தால் விரல் ரேகையில் ஒட்டும் மாவு. கூம்புக்குள் கனமானது விழும் என்று கணக்குப் போட்டேன். கனமானதே இல்லை. எல்லாம் லேசு. லேசானது பையைத் தாண்டிப் போயிருந்தது. தூசியைப் பிடிக்கிற இடத்தில் தப்பு இல்லை. தூசியை உண்டாக்குகிற இடத்தில் தப்பு.

இரும்பில் தூசி கிடையாது. சுருள் வரும், கூலன்ட் எண்ணெயோடு தட்டில் விழும். பத்தொன்பது வருடத்தில் பொடியைப் பற்றி ஒரு நாள் கூட யோசித்ததில்லை.

திங்கட்கிழமை அந்தக் கட்டரை எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கட்டர் சாணை பிடிப்பவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார்.

"கருகியிருக்குது. எதுல ஓட்டுனீங்க அக்கா?"

"மரத்துல."

"மரத்துல நாலு பல்லா?" சிரித்தார். பக்கத்து மெஷின்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். "ஏனுங்க, அக்கா கட்டுச்சோத்த அரத்துல ராவியிருக்குது பாருங்க. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல எடமே இல்ல. தூள் எங்க போகும்? அதுல மொன்னை வேற. என்ன ஃபீடு?"

சொன்னேன்.

"அது வெட்டறதில்லீங்க அக்கா. தேய்க்கறது. தேய்ச்சா மாவுதான் வரும்."

"மெதுவா போனா நல்லதுன்னு."

"மரம் பயந்தா கடிக்காதுங்க. வேகமாப் போகோணும்."

மரம் பயப்படுமா, கட்டர் பயப்படுமா என்று கேட்கவில்லை. பயந்தது யார் என்று எனக்குத் தெரியும். அக்கம் பக்கத்தில் நல்ல பெயர் வாங்க மெதுவாக ஓட்டினேன். மெதுவாக ஓட்டியதால்தான் அவர்கள் வீட்டு முறத்தில் பொடி. ஒருவர் கூட என்னிடம் மெதுவாக ஓட்டச் சொல்லவில்லை. நானாகக் குனிந்தேன்.

கழித்துப் போட்ட கட்டர் டப்பாவை ஸ்கிராப் தொட்டியில் கொட்டினேன். புதுசு வாங்க டவுன்ஹால் பக்கம் ஒரு டூல்ஸ் கடைக்குப் போனேன். இரண்டு பல். பல்லுக்கு நடுவே ஆழமான பள்ளம். தூளை மேலே இழுத்துத் தள்ளும் முறுக்கு. முனை உருண்டையாக இன்னொன்று, கடைசியில் மலைச் சரிவை இழைக்க.

கடைக்காரர் பில் புத்தகத்தை எடுத்தார். "கம்பெனி பேரு சொல்லுங்க."

"கம்பெனி இல்லீங்க."

"சரி, ஓனர் பேரு?"

"எனக்குத்தானுங்க."

என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். யாரும் வரவில்லை. "என்ன தொழிலுங்க?"

"தொழில் இல்லீங்க. சும்மா."

பேனாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தார். பிறகு பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். அந்தப் பில் போதும் எனக்கு.

புதன்கிழமை வேலை முடிந்து வந்து ஒரு துண்டுப் பலகையில் ஓட்டிப் பார்த்தேன். ஸ்பிண்டிலின் சுற்றைக் குறைத்தேன். ஃபீடை ஐந்து மடங்கு ஏற்றினேன். விரல் அவசர நிறுத்தப் பொத்தான் மேலேயே இருந்தது. இரும்பில் இந்த ஃபீடு வைத்தால் கட்டர் துண்டாகப் போய்ச் சுவரில் குத்தும்.

கட்டர் இறங்கியது. சத்தம் மாறியது. முன்பெல்லாம் கொசு காதில் கத்துகிற மாதிரி கீச்சென்று இருக்கும். இப்போது மாடு சோளத்தட்டு மெல்லுகிற சத்தம். நறநறவென்று. நிறுத்திவிட்டு டிரம்முக்குள் கையை விட்டேன். அவல் மாதிரி சீவல். ஊதிப் பார்த்தேன். பறக்கவில்லை.

பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன்.

இரண்டாவது ஞாயிறு நல்ல வெயில். தகரக் கூரை காலையிலேயே கடகடவென்று சத்தம் போட்டது. ஒன்பதரைக்கு மேஸ்திரி தராசோடு வந்தார். நான் பெட்ரோல் ஊற்றியிருந்தேன். அதையும் சொன்னார், "அரை லிட்டரு கொறைச்சுப்போட்ட" என்று.

மலைக்காக ஒரே நாளில் இரண்டு ஜோடிப் பலகை ஒட்டி வைத்திருந்தேன். ஒன்றை மெஷினில் பூட்ட எடுத்தேன். மேஸ்திரி அதை எடை போட்டார். ஏழு கிலோ எண்பத்தைந்து. நான் அதைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது மற்றதை அவர் தூக்கித் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் சாத்தினார். தராசு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிறார் என்று நினைத்தேன்.

பத்து மணிக்கு ஓட ஆரம்பித்தது. பதினொன்றுக்கு ஓனரம்மா வந்தார். இந்த முறை நாற்காலி இருந்தது. கட்டர் பலகை மேல் பாய்ந்து பாய்ந்து போவதைப் பார்த்து நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"மெதுவா ஓட்டு கண்ணு. ஒடஞ்சு மூஞ்சிக்கு வரப்போகுது."

"மெதுவா ஓட்டினா தூசிங்க."

"என்ன பேச்சு இது? வேகமாப் போனாத்தானே தூசி கெளம்பும்? பஸ்ஸு போனாப் பாத்ததில்ல?"

"இது பஸ்ஸில்லீங்க."

மேஸ்திரியின் மனைவி மத்தியானம் மோர் கொண்டு வந்தார். எனக்கும் ஒரு டம்ளர். அவர் வீட்டு வாசலில் அன்று வடகம் காயவில்லை. கேட்டேன்.

"உன்னய நம்பி மாவு கிண்டறக்கு நான் என்ன பைத்தியமா?" என்றார். ஆனால் டம்ளரை வாங்கிக்கொண்டு உடனே போகவில்லை. பலகையில் மலை எழும்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் படிக்கட்டு மாதிரித்தான் இருக்கும். பிறகு உருண்டை முனைக் கட்டர் வந்து படியை எல்லாம் இழைத்துச் சரிவாக்கும்.

"இது எந்த மலை?"

"வால்பாறைங்க."

"எஸ்டேட்டா? உங்கூரா?"

"அங்க பொறந்தனுங்க."

"உங்கம்மா இருக்கறாங்களா?"

"இல்லீங்க."

"இதுல உங்க லைன் ஊடு எங்க வரும்?"

யோசித்துப் பார்த்தேன். கட்டர் அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை. வந்தாலும் வீடு தெரியாது. அந்த அளவில் ஒரு ஊரே ஒரு மரநார் அளவுதான். அதைச் சொன்னேன். "இம்புட்டுத்தானா" என்று டம்ளரோடு போனார்.

உருண்டை முனை ஓடும்போதுதான் பயம். அது மெல்லியதாக இழைக்கும். தூளும் மெல்லியதாகத்தான் வரும். எவ்வளவு வேகமாக விட்டாலும் சீவல் வராது. பிரஷ் பாவாடையை இன்னும் இரண்டு மில்லி கீழே இறக்கினேன். வாசல் கதவைச் சாத்தினேன். மேஸ்திரி உள்ளேயே உட்கார்ந்திருந்தார். துண்டு கட்டியிருந்தார். இரண்டு முறை இருமினார். மூன்றாவது முறை இருமல் வருகிறதா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். வந்தது. அது தூசியா, பழைய பஞ்சா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது.

"வெளிய உக்காருங்க மேஸ்திரி."

"உக்காந்து என்ன? என்ற பங்கு இங்கதானே பறக்குது."

இரண்டேகாலுக்கு மெஷின் நின்றது. புளோயரை நிறுத்தாமல் தரையைக் கூட்டினேன். சட்டத்தின் இடுக்குகளில் பெயின்ட் பிரஷ் விட்டு எடுத்தேன். என் தலையிலும் தோளிலும் இருந்ததைக் கூடத் தட்டிச் சேர்த்தேன். வீட்டுக்காரர் ஒரு மூலையில் கிடந்த கைப்பிடித் தூளைக் காட்டினார். அவர் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியாது. குழாயிலிருந்து இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார்.

முதலில் பலகை. நாலு கிலோ முந்நூற்றுப் பத்து.

டிரம்மும் பையும், காலி எடை கழித்து, இரண்டு கிலோ எழுநூற்றுப் பதினைந்து.

ஓனரம்மா எழுந்து நின்றார். மேஸ்திரி விரல் விட்டார். நான் மனசிலேயே போட்டுவிட்டேன். ஏழு கிலோ இருபத்தைந்து. காலையில் எண்பத்தைந்து.

"அறுவது" என்றார் மேஸ்திரி.

"அம்பதுன்னு பேசினது" என்றார் ஓனரம்மா. "பத்து எச்சு."

வீட்டுக்காரர், "பத்து கிராமுங்க ஓனரம்மா. ரெண்டு ஸ்பூன் சர்க்கரை இருக்காது" என்றார்.

அவர் எனக்காகப் பேசியது அது முதல் தடவை. ஆனால் அந்தப் பேச்சு எனக்கு வேண்டியிருக்கவில்லை.

"பேசினது பேசினதுதானுங்க" என்றேன். "அம்பதுன்னா அம்பதுதான்."

ஸ்பேனர் பெட்டியை எடுத்தேன். முதலில் ஸ்பிண்டில்தான் கழற்ற வேண்டும். நாலு போல்ட். பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து முதல் போல்ட்டில் போட்டேன். விற்க மாட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். கட்டிலுக்கு அடியில் பாகம் பாகமாக வைத்துக்கொள்வேன். வேறு வீடு பார்ப்பேன். வீடு கிடைக்காவிட்டால் மொட்டை மாடி பார்ப்பேன். பூட்டத் தெரிந்தவளுக்கு மறுபடி பூட்டத் தெரியும்.

"சித்தெ இரு அம்மணி" என்றார் மேஸ்திரி.

சுவரில் சாத்தியிருந்த ஜோடிப் பலகையைத் தூக்கினார். தனியாகத் தூக்கியதில் இருமல் வந்தது. யாரையும் பக்கத்தில் வர விடவில்லை. தராசில் வைத்தார். மடியிலிருந்து ஒரு பீடிக்கட்டுக் காகிதத்தை எடுத்தார். அதில் காலையில் எழுதியது இருந்தது.

"காலைல ஏழு கிலோ தொண்ணூத்தஞ்சு. இப்ப ஏழு கிலோ எம்பது. இதுல ஒரு கீறல் கூட உழுகல. அப்பறம் எப்படி எடை கொறைஞ்சுது?"

"எப்படி?" என்றார் ஓனரம்மா.

"காஞ்சிருக்குது. உங்க தகரக் கூரை செஞ்ச வேலை. மில்லுல கோடைல பேலே காயும். அந்தக் காய்ச்சல லாஸுல சேத்தினா மேனேஜரு கழுத்துல துண்டு போட்டுருவாரு. இது காஞ்சாப்பல அதுவும் காஞ்சிருக்கும். ரெண்டும் ஒரே நாள்ல ஒட்டினது. காஞ்சது வேற, பறந்தது வேற."

"சலுகை வேண்டாமுங்க" என்றேன். ஸ்பேனர் போல்ட்டிலேயே இருந்தது.

அவருக்குக் கோபம் வந்தது. அத்தனை நாளில் அவருக்குக் கோபம் வந்து அப்போதுதான் பார்த்தேன். துண்டை முழுசாகக் கழற்றித் தோளில் போட்டார்.

"சலுகை குடுக்கறக்கு நான் என்ன உன்ற சித்தப்பனா? வாரவனுக்கெல்லாம் சலுகை குடுத்திருந்தா முப்பது வருசம் அந்தத் தராசுகிட்ட என்னய நிக்க வெச்சிருப்பானா? நீ தோத்திருந்தா நானே ஸ்பேனர் எடுத்துத் தருவேன். இது கணக்கு. கணக்கு உனக்கும் நட்டமில்ல, எனக்கும் நட்டமில்ல. பதினஞ்சு காஞ்சது. அத அறுவதுல கழி. நீ கழி. வாய்விட்டுச் சொல்லு, ஓனரம்மா காதுல உழுகோணும்."

ஓனரம்மா என்னைப் பார்த்தார். ஸ்பேனரைப் போல்ட்டிலிருந்து எடுத்தேன். சொன்னேன்.

நாற்பத்தைந்து.